பேதி வந்த தெருவில் கோதுமைக் கஞ்சி

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஓர் ஒன்றிய ஆபீஸில் கிராம சேவிகாவாக வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சொந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். ஊர் ஊராகப் போய் மாதர் சங்கத்தைக் கூட்டுவது, குழந்தைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுப்பது, புகையில்லாத அடுப்பு போடக் கற்றுத் தருவது, இவைதான் என் வேலை. எதற்கும் துணிந்தவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் நடத்துனர் சத்தம் போட்டாலே எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிடும்.

பங்குனி மாதம். ஆற்றில் தண்ணீர் நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. வாய்க்கால்களில் அங்கங்கே குட்டை குட்டையாகப் பாசி பிடித்த தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒரு காலையில் எங்கள் ஒன்றிய அதிகாரியான பி.டி.ஓ. என்னை உள்ளே அழைத்தார். எதிரில் சுகாதார ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பெண்பிள்ளைகளாகவே பெற்றவர், எந்நேரமும் பிளீச்சிங் பவுடர் வாசனையோடு சைக்கிளில் சுற்றுகிறவர். இருவர் முகமும் சரியில்லை.

"கடைமடையில பண்ணையாளுங்க தெரு ஒண்ணு இருக்கில்லம்மா, அங்க வாந்திபேதி," என்றார் பி.டி.ஓ. "கிடங்குல இருக்கிற உடைச்ச கோதுமையையும் பால் பவுடரையும் எடுத்துக்கிட்டு இவரோட போயிட்டு வாங்க. சாப்பாடு இல்லாம கிடக்கிறாங்களாம்."

ஆய்வாளர் வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாதாரணப் பேதி இல்லம்மா. தேசம் தேசமாக் கப்பலேறி வந்திருக்கிற காலரா. உலகம் பூரா சுத்துதுன்னு டாக்டர் சொல்றாரு. தண்ணியைத் தொடாதீங்க. எதையும் வாயில வெக்காதீங்க."

எனக்கு அந்த நோயைத் தெரியும். நான் பாவாடை கட்டிய வயதில் எங்கள் தெருவில் அது வந்திருந்தது. எதிர்வீட்டில் காலையில் கோலம் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்த அக்காவை, விளக்கு வைக்கும் நேரத்தில் பாயில் சுருட்டி எடுத்துப் போனார்கள். மாட்டு வண்டியில் கோதுமை மூட்டைகள் ஏறும்போது, அந்தப் பாயிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதம்தான் என் கண் முன்னால் நின்றது. மருதாணி வைத்த பாதம்.

அந்தத் தெருவுக்கு நோய் மட்டும் கஷ்டமில்லை. ஆட்சி மாறியிருந்தது. ஆபீஸ் சுவரில் படங்கள் மாறியிருந்தன. நமக்கும் ஏதாவது நடக்கும் என்று கூலிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்த நேரம். தை அறுவடையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்தார். களத்தில் கைகலப்பு. தெருவில் திடமான ஆண்களில் பாதிப் பேர் திருச்சி ஜெயிலில் இருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பண்ணையில் வேலை கிடையாது என்று சொல்லியாகிவிட்டது. வேலை இல்லையென்றால் நெல் இல்லை. நெல் இல்லாத வயிற்றில்தான் பேதி வந்து இறங்கியிருந்தது.

தெருவுக்குப் போகும் பாதை ஒரு மதகைத் தாண்டித்தான் போகும். மற்ற மூன்று பக்கமும் மிராசுதாரின் வயல். எங்கள் வண்டி மதகை நெருங்கியபோது பாதையை அடைத்துக் கருவேல முள் போட்டிருந்தார்கள். ஓர் ஆள் உயரத்துக்கு. வயல் வரப்புகளிலும் அதே மாதிரி. வரப்புக்கு வரப்பு தடியோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கம் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைத் தந்தது.

மிராசுதாரின் காரியஸ்தர் எழுந்து வந்தார். நல்ல வெள்ளை வேட்டி. துண்டை மூக்கில் பொத்தியிருந்தார்.

"வாங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க. இளநி வெட்டச் சொல்லவா?"

"இதென்னங்க முள்ளு?" என்றார் ஆய்வாளர்.

"ஊர்க் கட்டுப்பாடுங்க. நோய் ஊருக்குள்ள வந்துடக் கூடாது பாருங்க. நீங்களே சொல்லுவீங்கள்ல, ஒருத்தரோட ஒருத்தர் புழங்கக் கூடாதுன்னு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மூட்டையை எங்ககிட்ட இறக்கிடுங்கம்மா. பண்ணை வீட்டுலயே பொங்கி வேளாவேளைக்கு இங்க வெச்சிடறோம். அவங்க வந்து எடுத்துக்கட்டும்."

"யாருக்குக் கொடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"பசிச்சவங்களுக்குத்தான். பழைய கூலிக்கு வேலைக்கு வர்றோம்னு சொல்றவங்களுக்கு."

அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். ஆய்வாளர் என்னைத் தனியே நகர்த்தி, "கொடுத்துடலாம்மா, எப்படியும் அவங்க வாய்க்குப் போய்ச் சேர்ந்தாச் சரி," என்றார். அவர் கெட்டவரில்லை. தடிகளை எண்ணிப் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

"சர்க்கார் கோதுமைங்க. நான்தான் பொங்கிப் போடணும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

காரியஸ்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தத் தெருவுல போய்க் கை நனைக்கப் போறீங்களா? உங்க வீட்டுல கேட்டா என்ன சொல்லுவாங்க?" நான் வண்டிப் பக்கம் திரும்பினேன். "போறதுன்னாப் போங்கம்மா. சர்க்கார் ஆளை நாங்க தடுக்கல. ஆனா உள்ள போனவங்க நோய் தீர்ற வரைக்கும் வெளிய வர முடியாது. அதுல சர்க்காரு, சாதாரணம்னு பார்க்க மாட்டோம்."

மூக்கைப் பொத்தியிருந்த அவர் விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். அவர் எதையும் நடிக்கவில்லை. பேதியைக் கண்டு அவருக்கும் பயம். அந்தப் பயத்தைப் பண்ணைக்குப் பயன்படும்படி அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

பிற்பாடு சிலர் அதைத் தைரியம் என்றார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வண்டிக்காரர் முதல் மூட்டையைத் தலையில் தூக்கி முள்ளுக்கு மேலே சாய்த்துவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து கைகள் நீண்டு வாங்கிக்கொண்டன. பிறகு இரண்டாவது. கிடங்குச் சாமானுக்கு நான் பொறுப்பு. அதைத் தனியாக விட்டுவிட்டு ஆபீஸுக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முள்ளை ஓரிடத்தில் தடியால் விலக்கிப் பிடித்தார்கள். சேலையை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தேன். தோளில் ஒரு முள் கிழித்தது. பின்னால் முள்ளை மறுபடி இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"நான் போய் டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்துடறேம்மா," என்று ஆய்வாளர் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். பிளீச்சிங் பவுடர் பையை என்னிடம் எறிந்தார். "நாளைக்கு வந்துடுவேன்."

நான் திரும்பிப் பார்த்தபோது சைக்கிளும் வண்டியும் மதகுக்கு அப்பால் தூசியில் போய்க்கொண்டிருந்தன.

மூட்டையை வாங்கிய கைகளில் ஒன்று, அந்தத் தெருப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த ஒருத்தியுடையது. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு மட்டும். புருஷன் ஜெயிலில் இருந்தான். வீட்டில் பேதி கண்ட மாமியாரும் கல்யாண வயதில் ஒரு மகளும். அவள் என்னை வரவேற்கவில்லை. சர்க்கார் வேலையில் வருகிற பெண் யாராக இருந்தாலும் அங்கே டீச்சரம்மாதான்.

"டீச்சரம்மா, இதைக் கொண்டாந்ததுக்குக் கையெடுத்துக் கும்புடறோம். ஆனா ஒருத்தரும் திங்க மாட்டாங்க," என்றாள்.

"ஏன்?"

"இந்தக் கோதுமையிலதான் பேதி வருதுன்னு பேச்சு. வெளிநாட்டுல அழுகினதை அனுப்பறாங்களாம். பண்ணை வீட்டு வண்டிக்காரன் வரப்புல நின்னு சொல்லிட்டுப் போனான். கெழவனுங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கானுவ."

தெருவைப் பார்த்தேன். வரிசையாகக் கூரை வீடுகள். சில வாசல்களில் சாணி தெளித்து நாளாகியிருந்தது. ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஈக்கள். வேப்பிலைக் கொத்து செருகாத கூரை ஒன்றுகூட இல்லை. கொல்லைப் பக்கம் ஆகாயத்தாமரை நிறைந்த குட்டை. வாய்க்கால் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே துணி அலசியிருந்தார்கள். யாருடைய துணி, எதை அலசினார்கள் என்று நான் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

மாரியம்மன் கோயிலுக்குப் பொங்குகிற பெரிய அண்டா ஒன்று இருந்தது. அதை வேப்பமரத்தடியில் ஏற்றினோம். ஊற்றுத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு, வெகுநேரம் வைத்திருந்து, துணியில் வடிகட்டி ஊற்றினோம். விறகு வேண்டுமே என்றேன். அந்தப் பெண் அரிவாளை எடுத்துக்கொண்டு நேராக மதகுக்குப் போனாள். முள்ளடைப்பின் உள்பக்கத்திலிருந்து காய்ந்த கருவேலங்கிளைகளை வெட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். வெளியே தடியோடு இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கஞ்சி கொதித்தது. உப்புப் போட்டுத் துழாவினேன். பசித்த தெரு முழுக்க அந்த மணம் பரவியது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பாத்திரத்தை யாரும் நீட்டவில்லை. ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி சொன்னார்.

"அம்மா மொதல்ல குடிக்கட்டும். பார்ப்போம்."

எதையும் வாயில் வைக்காதே என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நன்றாகக் கொதித்த கஞ்சி, ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் ஊர் ஊராகப் பாடம் எடுத்தேன். ஆனால் குவளையை வாங்கியதும் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். குவளை அலம்பப்பட்டது எந்தத் தண்ணீரில்? அதைக் கொடுத்த கை சற்று முன் எந்த வீட்டில் எதைத் துடைத்தது? எல்லாக் கண்களும் என் தொண்டையில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். வாய் வெந்தது. குவளையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அப்போதும் யாரும் வாங்கவில்லை.

"விடிஞ்சதும் பார்க்கலாம்," என்றார் பெரியவர். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலன்னா எல்லாரும் குடிப்போம்."

அண்டாவை மூடி வைத்துவிட்டுப் போனார்கள். பசியோடு போனார்கள். நான் கோதுமை மூட்டைகளுக்குப் பக்கத்தில், கோயில் கொட்டகையில் படுத்தேன். தூங்கவில்லை. என் வயிற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அசைவுக்கும் இதுதானா, இதுதானா என்று.

விடியும் நேரத்தில் வலித்தது. அடிவயிற்றைப் பிடித்து முறுக்குகிற வலி. உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு வயிறு போனால் நான் சாவது ஒருபுறம். இந்தத் தெருவில் இனி ஒருத்தர் கஞ்சியைத் தொட மாட்டார்கள். மூட்டைகளை அப்படியே வாய்க்காலில் போட வேண்டியதுதான். பிறகு முள்ளுக்கு வெளியே நிற்கிற ஆளிடம் போய்ப் பழைய கூலிக்கு வருகிறோம் என்று சொல்ல வேண்டியதுதான். கொட்டகையை விட்டு மெதுவாக, சும்மா காலாற நடக்கிறவள் மாதிரி, தாழம்புதருக்குப் பின்னால் போனேன்.

ஒன்றும் இல்லை. நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வலி வந்தது, போனது, மறுபடி வந்தது, பிறகு அப்படியே தேய்ந்து போயிற்று. அது பேதியில்லை, பயம் என்று புரிய எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது வேப்பமரத்தடியில் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து என் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராக நடந்து போய், பழைய கஞ்சியைக் கொட்டி, அண்டாவைக் கழுவிப் புதிதாக உலை வைத்தேன்.

அது கொதித்து இறங்கியதும் பெரியவர் முதலில் வாங்கினார். அப்புறம் எல்லோரும். குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பிள்ளை தட்டை வழித்து நக்கிவிட்டு மறுபடி நீட்டியது. குழந்தைகளுக்குப் பால் பவுடரைக் காய்ச்சிக் கொடுத்தேன். நோய் கண்ட வீடுகளுக்கு, கஞ்சித் தெளிவில் உப்பு சேர்த்து, அகப்பை அகப்பையாகப் புகட்டச் சொன்னேன். வாந்தியெடுத்தாலும் நிறுத்தாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். உள்ளே நுழையும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதனால் என்ன பயன் என்று எனக்கே தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டேன். கிடந்தவர்களின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறினவை மாதிரிச் சுருங்கியிருந்தன. தண்ணீர் கேட்பார்கள். குரல் வராது. உதடு அசையும்.

மத்தியானம் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து குனிந்து, "வயித்து வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புதருக்கு அந்தாண்ட நான்தான் நின்னுக்கிட்டிருந்தேன். ஏதாச்சும் ஆச்சுன்னாத் தூக்கணுமே," என்றாள். "யார்கிட்டயும் சொல்லல. ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சப்புறந்தான் நானும் வந்து உக்காந்தேன்."

அன்றைக்கு ஆய்வாளர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெளியில் இருந்தவர்கள் எங்கள் அடுப்புக்குப் போன முள்ளுக்குப் பதிலாகப் புதுமுள் கொண்டுவந்து போட்டார்கள். பச்சை முள் எரியாது. அவள் அதை விட்டுவிட்டுக் காய்ந்ததாகப் பார்த்துக் கழித்தாள். காரியஸ்தர் ஒரு தரம் வந்து நின்று, "அடைப்பைப் பிரிக்கிறீங்களா?" என்று உரக்கக் கேட்டார். "அடுப்பெரிக்கிறோங்க," என்றாள் அவள். அவர் வெட்டுப்பட்ட முள்ளை ஒரு முறை பார்த்தார். பிறகு போய்விட்டார். வெளியூர் ஆட்களை இறக்கியதுபோல் அடுத்து என்னத்தை இறக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் கூரைகள் எரிவது கேள்விப்படாத விஷயம் அல்ல.

அவளுடைய மாமியார் இறந்துபோனாள். எடுத்துப் போக ஆள் போதவில்லை. சுடுகாடு முள்ளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தடியோடு இருந்தவர்கள் விட மாட்டோம் என்றார்கள். தெருக்காரர்கள் குட்டைக்குப் பக்கத்தில் புதைக்கப் போனார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. துக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கடைசியில் கோயிலுக்குப் பின்னால் இருந்த மேட்டில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். அவள் அழவில்லை. மண்ணைத் தள்ளிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டு அண்டாவுக்குத் தண்ணீர் வடிகட்டினாள்.

மறுநாள் காலை அவள் மகளுக்குப் பேதி கண்டது.

அந்த மகள் முந்தைய நாள் முழுக்க என்னோடு கஞ்சி ஊற்றிக் கொடுத்தவள். எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் தானும் நிறையக் குடித்தாள். எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். செய்தி ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குப் போனது. நான் உலை வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவி தன் பேரனின் தட்டிலிருந்த கஞ்சியை என் காலடியில் கொட்டினாள்.

"பண்ணை வண்டிக்காரன் சொன்னது சரியாப் போச்சு. கோதுமைதான். நல்லா இருந்த பொண்ணு."

ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள். என்னை யாரும் அடிக்க வரவில்லை. ஆனால் வட்டம் நெருங்கியதுபோல் இருந்தது. முன்னால் தடி, பின்னால் இவர்கள். நான் அடுப்புக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றேன். கொதித்தது, கொதித்ததுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போது அவள் வீட்டிலிருந்து வந்தாள். கை முழுக்க ஈரம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்டா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என் மவ நேத்து சாயந்தரம் வாய்க்கா ஊத்துல அள்ளிக் குடிச்சா. வேண்டாம்டின்னேன், கேக்கல. நான் என் கண்ணால பார்த்தேன்," என்றாள். "கஞ்சி மேல பழி போடாதீங்க. பட்டினி கிடந்து சாவறதுன்னா அது உங்க இஷ்டம்."

பிறகு ஒரு குவளைத் தெளிவை வாங்கி, உப்புப் போட்டு, எல்லோரும் பார்க்க வீட்டுக்குள் எடுத்துப் போனாள். கிழவி கீழே கொட்டிய கஞ்சியைப் பார்த்தாள். பேரன் அழுதான். கடைசியில் தட்டை மறுபடி நீட்டினாள்.

வேலை ஓய்ந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். மகள் தரையில் கிடந்தாள். கன்னம் ஒட்டிவிட்டது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டபோது கத்தப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. தாய் அவள் தலையை மடியில் வைத்து அகப்பையால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊத்துத் தண்ணியா குடிச்சா? எவ்வளவு குடிச்சா?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியாது. நான் பார்க்கல."

"அப்புறம் ஏன்…"

"ஊரே பட்டினி கிடக்கட்டுமா?" அகப்பையை மகளின் உதட்டில் வைத்தபடி சொன்னாள். "டீச்சரம்மா, நிஜத்தைச் சொல்லுங்க. அந்தக் கோதுமையில ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல. சத்தியமா இல்ல," என்றேன்.

அவள் தலையசைத்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நம்பாமலே அதைப் பெற்ற மகளுக்குப் புகட்டிக்கொண்டிருந்தாளோ என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அந்த அகப்பை நிற்கவேயில்லை. பாதி வெளியே வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி. நான் எதிரில் உட்கார்ந்து காலை நீவிவிட்டேன். அந்தக் கால் சில்லென்று இருந்தது. அன்றைக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. அதற்கான நினைப்பே வரவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபோது மதகுப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது. எங்களுக்கு முதலில் ஓடத்தான் தோன்றியது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். தீ வைத்தால் அணைக்க யார் யார் கூரையில் ஏற முடியும் என்று ஒரு கிழவர் கேட்டார். நான் மட்டும் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

தாசில்தாரும் போலீஸும் வந்திருந்தார்கள். பின்னால் டாக்டர், பெட்டிகள், சுகாதார ஆய்வாளர். அவர் கண்கள் சிவந்திருந்தன. வாய்க்கால் நெடுக ஊருக்கு ஊர் பேதி, டாக்டர் ஒருவர்தான் என்றும், தாலுகா ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்றும், நீ உயிரோடு இருக்கிறாயா என்றே தெரியவில்லை என்றும் கோவையில்லாமல் சொன்னார். அவர் எப்போதும் என்னை நீங்கள் என்றுதான் அழைப்பார். அன்றைக்கு நீ என்றார்.

முள்ளை எடுக்கச் சொன்னார் தாசில்தார். எடுக்க அதிகம் இல்லை. உள்பக்கம் முழுக்க அடுப்பில் போயிருந்தது. வெளியே போட்ட பச்சை முள் மட்டும் ஒரு வரிசை நின்றது. காரியஸ்தர், "நோய்க்காகப் போட்டதுங்க," என்று பணிவாகச் சொன்னார். தாசில்தார் அவரை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் முதலில் அவள் மகளைத்தான் பார்த்தார். பாட்டில் மருந்தைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு நரம்பில் ஏற்றினார். இவ்வளவு நேரம் தாங்கியதே அந்த உப்புக் கஞ்சியால்தான் என்றார். அதைச் சொன்னபோது தாய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து குடிசைக்குப் பின்னால் போனாள். ஒரு பெரிய அழுகைச் சத்தம் கேட்டது. மாமியாருக்கும் சேர்த்துத்தான் அழுதாள் போலிருக்கிறது.

மகள் பிழைத்தாள். எழுந்து நடக்க வெகு நாளாயிற்று. அந்தத் தெருவில் இன்னும் சிலரை நாங்கள் இழந்தோம். அதில் பால் குடிக்கிற குழந்தை ஒன்றும் உண்டு. நான் காய்ச்சிய பாலைக் குடித்த குழந்தை. அதன் தாய் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வெளியே வந்து ஊர்த் தெரு வழியாக நடந்தபோது கதவுகள் சாத்திக்கொண்டன. ஒன்றிய ஆபீஸ் பக்கத்தில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா என் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தார். "தப்பா நெனச்சுக்காதேம்மா, பிள்ளைங்க இருக்காங்க," என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. கிடங்கிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். வெகு காலத்துக்கு, தண்ணீர்க் குவளையை வாயருகே கொண்டு போகும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றுவிடும்.

வைகாசியில் கூலித் தகராறு ஒரு மாதிரி பேசி முடிந்தது. அவர்கள் கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஜெயிலுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். ஆனால் ஆற்றில் தண்ணீர் விட இன்னும் நாளிருந்தது. நடவு தொடங்கும் வரை வயல் வேலை இல்லை. ஒரு நாள் காலையில் அந்தத் தெருப் பெண்கள் கூட்டமாக ஒன்றிய ஆபீஸுக்கு வந்தார்கள். முன்னால் அவள்தான். கோதுமை நின்றுபோய்விட்டது, நடவு வரைக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். பி.டி.ஓ. மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்.

"எழுதினதைத் திங்க முடியுங்களா?" என்றாள்.

பிறகு ஓரமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். தெரிந்தவள் என்கிற சிரிப்பெல்லாம் அவள் முகத்தில் இல்லை. "டீச்சரம்மா, கெடங்குல மூட்டை இருக்கா இல்லையா? நீங்களாச்சும் சொல்லுங்க."

பி.டி.ஓ. என்னைப் பார்த்தார்.

"இருக்குங்க," என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.